கண்ணீரும் வந்தது, கேள்வியும் வந்தது: 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' கிறிஸ்தவர்களையே இரண்டு மனதாக்கியது ஏன்?

2004ஆம் ஆண்டு பிப்ரவரி 25, சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கும் நாள். நெற்றியில் சாம்பல் குறியோடு தேவாலயத்தில் இருந்து வெளியே வந்த அமெரிக்கர்கள் பலர், அன்று நேராக தியேட்டருக்குப் போனார்கள். மெல் கிப்சன் இயக்கிய 'தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' அன்றுதான் வெளியானது.

படத்தில் ஆங்கிலமே கிடையாது. அராமிக், எபிரேயம், லத்தீன் மொழிகளில்தான் வசனம். படிக்க சப்டைட்டில். பெரிய ஸ்டுடியோ எதுவும் பின்னால் இல்லை. சுமார் 3 கோடி டாலர் தயாரிப்புச் செலவை கிப்சன் தன் நிறுவனம் மூலமாகவே போட்டார். உலக அளவில் 61 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அமெரிக்காவில் 'ஆர்' சான்று பெற்ற படங்களில் அந்நாட்டு வசூல் சாதனை 20 ஆண்டுகள் இதன் கையில்தான் இருந்தது. 2024இல் 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' வந்துதான் அதை உடைத்தது.

ஆனால் இந்தப் படத்தைப் பார்த்த கிறிஸ்தவர்களிடம் கேட்டால் ஒரே பதில் வராது. "அழுதுட்டேன்" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே "ஆனா, அவ்வளவு ரத்தம் தேவையா?" என்பார்கள். "இது பைபிள்ல எங்க இருக்கு?" என்றும் கேட்பார்கள். நம்பிக்கை இல்லாதவர்கள் கேட்ட கேள்வி இல்லை இது. படத்தை விரும்பிப் போய்ப் பார்த்தவர்களே கேட்டது. ஏன் இந்த இரட்டை மனநிலை?

படம் என்ன சொல்கிறது?

இயேசுவின் வாழ்க்கை வரலாறு அல்ல இது. கடைசி 12 மணி நேரம் மட்டும்தான். கெத்செமனே தோட்டத்தில் இரவில் தொடங்கி, கைது, விசாரணை, சாட்டையடி, சிலுவை சுமந்த பயணம், மரணம் என்று போகிறது. மலைப்பிரசங்கமும் கடைசி இராப்போஜனமும் ஃபிளாஷ்பேக்கில் சில நிமிடங்கள் மின்னி மறையும். இயேசுவாக ஜிம் கேவிசல், மரியாளாக ருமேனிய நடிகை மாயா மார்கன்ஸ்டெர்ன், மகதலேனா மரியாளாக மோனிகா பெலூச்சி நடித்தார்கள். எருசலேமுக்கு பதிலாக இத்தாலியின் மதேரா நகரத்தின் பழைய கல் வீதிகளும் ரோமின் சினேசித்தா ஸ்டுடியோவும்.

இதற்கு முன் கிறிஸ்தவக் குடும்பங்கள் பார்த்துப் பழகிய இயேசு படங்கள் வேறு மாதிரி. வெள்ளை அங்கி, அமைதியான முகம், குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சும் காட்சி. இயக்குநர் ஏ.பீம்சிங் தெலுங்கில் எடுத்த 'கருணாமயுடு' (1978) ஆகட்டும், லூக்கா நற்செய்தியை வைத்து எடுக்கப்பட்டு கிராமம் கிராமமாகத் திரையிடப்பட்ட 'ஜீசஸ்' (1979) ஆகட்டும், பாட்டி முதல் பேரன் வரை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம். சிலுவைக் காட்சி வரும்போது கண் கலங்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தேவையிருக்காது. கிப்சனின் படத்தில் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒரே ஒரு வரி, பத்து நிமிடக் காட்சி

விவாதத்தின் மையம் சாட்டையடிக் காட்சிதான். மத்தேயு, மாற்கு, யோவான் ஆகிய மூன்று நற்செய்திகளிலும் இதற்கு ஒரு வரிக்கு மேல் இல்லை. பிலாத்து அவரைச் சாட்டையால் அடிப்பித்தான், அவ்வளவே. லூக்காவில் அடித்து விட்டுவிடுகிறேன் என்று பிலாத்து சொல்வது மட்டும்தான் உண்டு. எத்தனை அடி, எந்தச் சாட்டை, எவ்வளவு நேரம் என்ற விவரம் எதுவும் கிடையாது.

படத்தில் இது சுமார் பத்து நிமிடம் ஓடுகிறது. முதலில் பிரம்பு. அடி வாங்கி விழுந்தவர், கூட்டத்தில் தாயைப் பார்த்ததும் மறுபடி எழுந்து நிற்கிறார். அதைப் பார்த்து எரிச்சலாகும் வீரர்கள் அடுத்து எடுப்பது உலோகக் கொக்கிகள் கட்டிய சாட்டை. சதை கிழிகிறது. நின்றது என்று நினைத்தால் திருப்பிப் போட்டு மறுபடி தொடங்குகிறது. மேல் அதிகாரி வந்து கத்திய பிறகுதான் முடிகிறது.

அமெரிக்காவின் பிரபல விமர்சகர் ரோஜர் ஈபர்ட் கத்தோலிக்கப் பின்னணியில் வளர்ந்தவர். தான் பார்த்ததிலேயே மிக வன்முறையான படம் இதுதான் என்று எழுதினார். அதே விமர்சனத்தில் நான்கு நட்சத்திரம், அதாவது முழு மதிப்பெண்ணும் கொடுத்தார். கிறிஸ்தவ ரசிகர்களின் குழப்பம் முழுவதும் அந்த ஒரே விமர்சனத்தில் அடங்கிவிடுகிறது.

இதை ஆதரித்தவர்கள் சொன்ன காரணத்தைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. நற்செய்திகளை முதலில் வாசித்தவர்கள் ரோமப் பேரரசில் வாழ்ந்தவர்கள். சாட்டையடி என்றால் என்ன, சிலுவை என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே சாலையோரம் பார்த்தவர்கள். ஒரு வரி போதும். இன்று சிலுவை கழுத்துச் சங்கிலியில் தங்கமாகத் தொங்குகிறது. அது ஒரு கொலைக்கருவி என்பதே மறந்துபோனது. அந்த மறதியைப் படம் உடைத்தது என்பது அவர்கள் வாதம்.

எதிர்ப்பக்கம் சொன்னது வேறு. இயேசு பட்ட உடல் வலிதான் மீட்பு என்றால், அதே ரோமர்கள் சிலுவையில் அறைந்த மற்ற ஆயிரக்கணக்கானவர்களும் அதே வலியைத்தான் பட்டார்கள். நற்செய்தி அழுத்தம் கொடுப்பது எவ்வளவு ரத்தம் சிந்தினார் என்பதற்கு அல்ல, யார் சிந்தினார், எதற்காகச் சிந்தினார் என்பதற்குத்தான். அந்த 'எதற்காக' படத்தில் எங்கே? தொடக்கத்தில் ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் வசனம் ஒன்று திரையில் வருகிறது. அதன் பிறகு விளக்கம் இல்லை. பைபிள் தெரியாத ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்தால், ஒரு நல்ல மனிதரை ஏன் இப்படி அடித்துக் கொல்கிறார்கள் என்பதே புரியாமல் வெளியே வரலாம். இந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

பைபிளில் இல்லாதது எங்கிருந்து வந்தது?

படத்தை பைபிளோடு ஒப்பிட்டவர்களுக்கு அடுத்தடுத்து வியப்பு. கைதானதும் காவலர்கள் இயேசுவைச் சங்கிலியோடு பாலத்திலிருந்து கீழே தள்ளுவது நற்செய்தியில் இல்லை. பிலாத்துவின் மனைவி வெள்ளைத் துணிகளைக் கொண்டுவந்து மரியாளிடம் கொடுப்பதும், மரியாள் அதை வைத்துத் தரையில் சிந்திய ரத்தத்தைத் துடைப்பதும் இல்லை. மத்தேயுவில் அந்தப் பெண்மணி ஒரு கனவு கண்டதாக மட்டுமே இருக்கிறது.

இவை ஆன் கேத்தரின் எம்மெரிக் என்ற ஜெர்மன் கன்னியாஸ்திரியின் காட்சித் தரிசனங்களில் இருந்து வந்தவை. 1774 முதல் 1824 வரை வாழ்ந்தவர். படுத்த படுக்கையாகக் கிடந்த இவருக்கு ஐந்து காய வரம் இருந்ததாகச் சொல்லப்பட்டது. இவர் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் கிளெமென்ஸ் பிரெண்டானோ என்ற கவிஞர். புத்தகம் 1833இல், எம்மெரிக் இறந்த பிறகு வெளியானது. அதில் எம்மெரிக் சொன்னது எவ்வளவு, கவிஞர் சேர்த்தது எவ்வளவு என்பது இன்றுவரை தீராத சர்ச்சை. படம் வெளியான அதே 2004ஆம் ஆண்டு அக்டோபரில் போப் இரண்டாம் ஜான் பால் இவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார். ஆனால் அந்தப் பட்டத்துக்கான ஆய்வில் பிரெண்டானோவின் புத்தகங்களைக் கணக்கில் எடுக்கவில்லை. அந்த நுணுக்கம் பலருக்குத் தெரியாமலே போனது.

இன்னொரு ஊற்று, சிலுவைப்பாதை. இயேசு வழியில் விழுவதும், வெரோணிக்கா துணியால் முகம் துடைப்பதும் நான்கு நற்செய்திகளில் ஒன்றிலும் இல்லை. ஆனால் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் 14 நிலைகளிலும் முழங்காலிடும் கத்தோலிக்கருக்கு இவை பைபிள் வசனத்தைவிட நெருக்கமானவை. பாஸ்கா, பாஸ்கு நாடகம் பார்த்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கும் அப்படித்தான். வெரோணிக்கா இல்லாத சிலுவைப் பயணம் அவர்களுக்குத்தான் வித்தியாசமாகத் தெரியும்.

உற்றுப் பார்த்தால் படத்தின் மொத்த அமைப்பே ஜெபமாலையின் துயர மறைபொருள்கள்தான். தோட்டத்தில் வேதனை, கற்றூணில் சாட்டையடி, முள்முடி, சிலுவை சுமத்தல், சிலுவை மரணம் என ஐந்து. ஜெபமாலை சொல்பவர் சாட்டையடி என்ற ஒரே நிகழ்வை மனதில் நிறுத்திப் பத்து முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்வார். அவசரமே கிடையாது. கிப்சனின் கேமராவும் அங்கே அதே அளவு நேரம் நிற்கிறது. ஒரு கத்தோலிக்கர் அந்தக் காட்சியைத் தியானமாகப் பார்க்க, பக்கத்து சீட்டில் இருந்த பெந்தெகொஸ்தே சபைக்காரர் அதைச் சித்திரவதையாகப் பார்த்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்படியானால் சீர்திருத்த சபையினர் ஏன் கொண்டாடினார்கள்?

இதுதான் விசித்திரம். கிப்சன், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் மாற்றங்களை ஏற்காத, பழைய லத்தீன் திருப்பலியை விரும்பும் பாரம்பரியக் கத்தோலிக்கர். ஆனால் அமெரிக்காவில் படத்தை வெற்றியாக்கியதில் பெரிய பங்கு எவாஞ்சலிக்கல் சபைகளுக்கு. ரிலீசுக்கு மாதக்கணக்கில் முன்பே போதகர்களைக் கூப்பிட்டுத் தனிக்காட்சி போட்டார்கள். பில்லி கிரஹாம் பார்த்து நெகிழ்ந்தார். சபைகள் தியேட்டரையே மொத்தமாக புக் செய்தன. நம்பிக்கை இல்லாத நண்பரை அழைத்துப்போய் நற்செய்தி சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு எது என்று நினைத்தார்கள்.

பார்த்து முடித்த பிறகுதான் சிலருக்கு உறுத்தியது. இந்தப் படத்தில் மரியாள் எல்லா இடத்திலும் இருக்கிறார். மறுதலித்த பேதுரு ஓடிவந்து மண்டியிடுவது அவர் முன்னால்தான், அவரை அழைப்பது 'அம்மா' என்று. சிலுவை உயர்த்தப்படும்போது இராப்போஜனத்தில் அப்பம் உயர்த்தப்படும் காட்சி குறுக்கே வருகிறது. திருப்பலியும் கல்வாரியும் ஒன்று என்ற கத்தோலிக்கப் போதனையை வசனமே இல்லாமல் சொல்லிவிடும் எடிட்டிங் அது. இயேசுவை உருவமாகக் காட்டுவதே இரண்டாம் கட்டளைக்கு விரோதம் என்று கருதும் கண்டிப்பான சீர்திருத்தப் பிரிவினர் முதலிலேயே ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஆனாலும் மரியாள் காட்சிகளில்தான் பலர் அதிகம் அழுதார்கள், சபை வேறுபாடு இல்லாமல். சிலுவையோடு மகன் விழுகிறார். தாய்க்குச் சிறு வயதில் அவர் தடுக்கி விழுந்தது நினைவுக்கு வருகிறது. அன்று ஓடிப்போய்த் தூக்கியவர் இன்றும் ஓடுகிறார். இதுவும் பைபிளில் இல்லை. ஆனால் "இது எங்க எழுதியிருக்கு?" என்று அந்த இடத்தில் கேட்கத் தோன்றியவர்கள் குறைவு. மாயா மார்கன்ஸ்டெர்ன் ஒரு யூதப் பெண் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அடுத்த சர்ச்சைக்கு அது தேவைப்படும்.

யூதர்கள் மீது பழியா?

இதுவரை சொன்னது கிறிஸ்தவ வீட்டுக்குள் நடந்த விவாதம். இது அப்படியல்ல. இயேசுவைக் கொன்றது யூதர்கள் என்ற பழி, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக யூதர்கள் மீது நடந்த தாக்குதல்களுக்குக் காரணமாக இருந்தது. பாடுகளின் நாடகம் முடிந்ததும் யூதக் குடியிருப்புகளுக்குள் கூட்டம் புகுந்த வரலாறு உண்டு. ஜெர்மனியின் ஓபராமர்காவ் கிராமத்தில் 1634இல் தொடங்கிய புகழ்பெற்ற பாடுகளின் நாடகத்தை 1934இல் ஹிட்லர் நேரில் பார்த்துப் பாராட்டினார். பின்னாளில் அந்தக் கிராமமே தன் நாடக வசனத்தைத் திருத்தி எழுதியது.

கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஆவணம் ஒன்றில் தெளிவாகச் சொல்லிவிட்டது: இயேசுவின் மரணத்துக்கு அன்று வாழ்ந்த எல்லா யூதர்களையும் குற்றம் சொல்ல முடியாது, இன்றைய யூதர்களையும் சொல்ல முடியாது. அதனால் கிப்சனின் ஸ்கிரிப்ட் கசிந்தபோது 2003இலேயே கத்தோலிக்க, யூத அறிஞர்கள் சிலர் எச்சரித்தார்கள். அமெரிக்க யூத அமைப்பான ஏடிஎல்-லும் கடுமையாக எதிர்த்தது.

அவர்கள் சுட்டிக்காட்டியவை வெறும் கற்பனை இல்லை. யூதாஸைத் துரத்தும் யூதச் சிறுவர்களின் முகம் பேய் முகமாக மாறுகிறது. இயேசு இறந்ததும் நற்செய்தியில் கிழிவது தேவாலயத்தின் திரைச்சீலை. படத்தில் தேவாலயமே இரண்டாகப் பிளக்கிறது. பிலாத்து மனசாட்சி உறுத்தும் நல்ல அதிகாரியாக வருகிறார். ஆனால் அவர் காலத்தை ஒட்டி எழுதிய யூத எழுத்தாளர் ஃபிலோ அவரைக் கொடூரமானவர் என்றே பதிவு செய்திருக்கிறார். லூக்கா 13ஆம் அதிகாரத்தின் முதல் வசனமும் பிலாத்து கலிலேயர்களைக் கொன்றதைச் சொல்கிறது.

மத்தேயு 27:25இல் ரத்தப்பழியைத் தங்கள் மீதும் பிள்ளைகள் மீதும் கூட்டம் ஏற்றுக்கொள்ளும் வசனம் பெரிய பிரச்சனையானது. கிப்சன் அதன் சப்டைட்டிலை எடுத்துவிட்டார். வசனம் மட்டும் அராமிக்கில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. இதைச் சமரசம் என்பதா, கண்துடைப்பு என்பதா என்று அப்போதே கேள்வி எழுந்தது.

எல்லாம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. விசாரணையை எதிர்த்துக் குரல் கொடுக்கும் யூத மூப்பரும் படத்தில் இருக்கிறார். சிலுவை சுமக்க உதவும் சீமோனை ரோம வீரன் 'யூதன்' என்று இழிவாகச் சொல்ல, அந்தச் சீமோன்தான் படத்திலேயே மனிதத்தன்மை மிகுந்தவராக நிற்கிறார். ஆணியைப் பிடித்திருக்கும் கை கிப்சனின் சொந்தக் கை. தன் பாவமும் சேர்ந்துதான் இயேசுவைக் கொன்றது என்று காட்ட அப்படிச் செய்ததாகச் சொன்னார். இதைக் கேட்டுப் பல கிறிஸ்தவர்கள் சமாதானம் ஆனார்கள். 2006இல் குடிபோதையில் வண்டி ஓட்டிக் கைதானபோது யூதர்களைப் பற்றி கிப்சன் பேசிய பேச்சு வெளியானதும் அந்தச் சமாதானம் ஆட்டம் கண்டது. அவர் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 2004இல் படத்துக்காக யூத நண்பர்களிடம் வாதாடிய கிறிஸ்தவர்களுக்கு அது தர்மசங்கடமான நேரம்தான்.

சின்னச் சின்ன உறுத்தல்கள்

சில குறைகள் விவரம் தெரிந்தவர்களை மட்டும் உறுத்தின. ரோமப் பேரரசின் கிழக்குப் பகுதியில் பொதுமொழி கிரேக்கம். படத்தில் கிரேக்கமே இல்லை. சிலுவை மேல் வைத்த பலகையில் மூன்று மொழிகளில் எழுதியிருந்ததாக யோவான் சொல்கிறார், அதில் ஒன்று கிரேக்கம். படத்தின் பலகையில் அது காணோம். இயேசு முழுச் சிலுவையைச் சுமக்க, கூட வரும் கள்வர்கள் குறுக்குக் கட்டையை மட்டும் சுமக்கிறார்கள். யோவான் 8இல் வரும் பெயரில்லாத விபசாரக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணை மகதலேனா மரியாளாகவே காட்டிவிட்டார்கள். நற்செய்தியில் அப்படி எங்கும் இல்லை, பாவம் அந்தப் பெண்மணி.

இவற்றையெல்லாம் மன்னித்தவர்களும் மன்னிக்காத ஒன்று, அந்தக் காக்கை. சிலுவையில் தொங்கியபடி இயேசு தன்னைக் கொல்பவர்களுக்காக மன்னிப்புக் கேட்கிறார். கேலி செய்த கள்வன் மீது சிறிது நேரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கண்ணைக் கொத்துகிறது. மன்னிக்கச் சொல்லி மகன் கேட்ட பிறகு தண்டிக்க வந்தது யார்? இரண்டு மணி நேரப் படத்தில் சில நொடிகள்தான் இது. நற்செய்தியில் இல்லாததைச் சேர்த்தது மட்டும் இல்லை, நற்செய்தி சொல்வதற்கு நேர் எதிராகப் போகும் இடம் இது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பெற்றோர் கேட்ட நடைமுறைக் கேள்வி இது. அமெரிக்காவில் 'ஆர்' சான்று என்றால் 17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் போக முடியும். மற்ற 'ஆர்' படங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பாத சபைகளே இதற்கு இளைஞர் குழுவை அழைத்துப்போனது, சபைக்குள்ளேயே முணுமுணுப்பைக் கிளப்பியது. வன்முறையைக் குறைக்கச் சொல்லி வேண்டுகோள்கள் வந்தன. 2005இல் சுமார் ஐந்து நிமிடம் வெட்டிய பதிப்பை கிப்சன் வெளியிட்டார். அதற்கும் 'ஆர்' சான்று மாறவில்லை, சான்று இல்லாமலே வெளியானது. கூட்டமும் வரவில்லை.

உயிர்த்தெழுதல் எங்கே?

கடைசியாக ஒரு குறை, எல்லா சபையினரும் ஒரே குரலில் சொன்னது. இத்தனை நேரம் மரணத்தைக் காட்டியவர் உயிர்ப்பைக் காட்டியது இரண்டு நிமிடம்கூட இல்லை. கல் நகர்கிறது, வெளிச்சம் நுழைகிறது, சுற்றியிருந்த துணி காற்றுப் போனதுபோல் அமுங்குகிறது. இயேசு எழுகிறார், கையில் ஆணி துளைத்த ஓட்டை தெரிகிறது, படம் முடிகிறது. கிறிஸ்து எழும்பாவிட்டால் விசுவாசமே வீண் என்பது பவுல் கொரிந்தியருக்கு எழுதிய வாதம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இவ்வளவுதானா இடம்?

அதற்கான பதிலை கிப்சன் 20 ஆண்டுகளுக்கு மேல் கழித்துத்தான் எடுக்க ஆரம்பித்தார். 'தி ரிசரெக்ஷன் ஆஃப் தி கிறைஸ்ட்' படப்பிடிப்பு 2025இல் அதே சினேசித்தா ஸ்டுடியோவில் தொடங்கியது. இயேசுவாக ஜிம் கேவிசல் இல்லை, ஃபின்லாந்து நடிகர் யாக்கோ ஓஹ்டோனென். அப்போது அறிவித்தபடி இரண்டு பாகங்கள். முதல் பாகத்துக்கு அப்போது குறித்த நாள் 2027ஆம் ஆண்டு புனித வெள்ளி. இரண்டாவது, அதன் பிறகு வரும் விண்ணேற்றப் பெருவிழா அன்று.